மாமன் சீர் லேப்டாப்

“பொட்டிய இங்கியே பிரிங்க பாய். நான் ஓட்டிப் பாத்துட்டுதான் வாங்கிக்குவேன்.”

செந்தமிழ்ச்செல்வி சொல்லிவிட்டாள். இதை மட்டும் சொல்லிவிடாதே என்றுதான் காலையிலிருந்து அம்மா பாப்பாத்தி அவள் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். தலை வாரும்போது சொன்னாள், இட்லி வைக்கும்போது சொன்னாள், நைனார்பாளையம் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தும் சொன்னாள். “எங்க அண்ணன் ஆசயா செய்யற சீரு. பிரிச்சிக் காட்டுன்னு கேக்காத, வெல கேக்காத, குத்தம் கொற சொல்லாத. மாமன் குடுக்கறத ஒரு பொண்ணு சோதிச்சிப் பாத்து வாங்குச்சின்னா சனங்க காறித் துப்பும்.”

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் கடையில் இப்படிக் கேட்டவர்கள் அதிகம் இல்லை. கடைக்காரர் பஷீர் அகமது மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, அவளைப் பார்க்காமல் அவள் மாமன் அய்யப்பனைப் பார்த்தார். அய்யப்பன் அவள் அப்பா சுப்புராயனைப் பார்த்தார். சுப்புராயன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

“பாப்பா வெளாட்டுக்குச் சொல்லுது பாய்,” என்றார் மாமன்.

“வெளாட்டு இல்ல மாமா.”

“பின்ன இன்னா? சீருப் பொருள எவனாச்சும் கடையிலயே பிரிப்பானா? வெள்ளிக்கெழம நம்ம புதுவூட்ல பால் காய்ச்சறப்ப, தட்டுல வெச்சி, மஞ்ச குங்குமம் வெச்சி, சபையில பிரிக்கணும். உன்ன இன்னாத்துக்குக் கூப்ட்டேன்? பேக்கு கலரு பாக்கத்தான? தோ, நீலம் இருக்குது, கருப்பு இருக்குது. எது வேணுமோ எடுத்துக்க.”

அதில்தான் அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. லேப்டாப்பை மாமன் தேர்ந்தெடுத்து முடித்தாயிற்று. அவள் தேர்ந்தெடுக்க வேண்டியது அதைப் போட்டுத் தூக்கும் பையை. நாலு வருஷம் சிவில் படித்து, அந்தப் பரம்பரையிலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கி வந்தவளுக்குக் கொடுத்த மரியாதை, நீலமா கருப்பா.

மற்ற நாளாக இருந்தால் அவளும் கருப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள். இந்த லேப்டாப் விஷயத்தில் அது முடியாது. சென்னையில் ஒரு நிறுவனம் அவளை வேலைக்குக் கேட்டிருந்தது. இன்னும் கட்டாத கட்டடத்துக்குள் நாம் நடந்து போவதுபோலக் கம்ப்யூட்டரில் வீடியோ செய்து, வீடு கட்டி விற்பவர்களுக்குக் கொடுக்கிறவர்கள். கடைசி வருஷம் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு மாணவர் விடுதியை அளவெடுக்கக் கல்லூரியிலிருந்து அழைத்துப் போயிருந்தார்கள். இருந்த விடுதியை அளந்து முடித்த பிறகு, அது எப்படி இருந்திருக்க வேண்டும் என்று அவளாகவே ஒன்றை வரைந்தாள். சரிவுக்கு ஏற்ற மாதிரி படிப்படியாக இறங்கும் அறைகள், பாறையை உடைக்காமல் சுற்றிப் போகும் நடை, பனிக்குள்ளிருந்து ஜன்னல் வழியாக வந்து விழும் வெயில். யூடியூப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, அதைக் கம்ப்யூட்டரில் ஒரு படமாகச் செய்தாள். அந்த ஒற்றைப் படத்தைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள்.

சென்னைக்கே வந்தால் எங்கள் மெஷினில் செய், பெண்கள் விடுதி பார்த்துத் தருகிறோம் என்றார்கள். வீட்டிலிருந்துதான் செய்வேன் என்றால், தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள மெஷின் சொந்தமாக இருக்க வேண்டும். அந்த வெள்ளிமலை மாணவர் விடுதியையே நகரும் வீடியோவாக அந்த மெஷினில் செய்து அனுப்பிக் காட்ட வேண்டும். திங்கட்கிழமைக்குள் இரண்டில் ஒன்று நடக்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

சென்னை என்றதும் வீட்டில் அடுப்பு அணைந்த மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் அப்பா, “வூட்லருந்தே செய்யேம்மா” என்றார். அவளும் சரி என்றாள். மெஷினுக்கு எங்கே போவது என்று விழித்துக்கொண்டிருந்தபோதுதான் மாமன் உள்ளே புகுந்தார். சின்னசேலத்தில் மரவள்ளிக்கிழங்கு மண்டி வைத்திருக்கிறவர். அவள் வயசுக்கு வந்த சமயம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லாமல் போய், தாய்மாமன் சீர் இல்லாமலே சடங்கு நடந்தது. அந்தக் குறையை இப்போது தீர்த்துவிட வேண்டும், அதுவும் தான் கட்டிய புதுவீட்டுக்கு வருகிற சொந்தமெல்லாம் பார்க்கத் தீர்க்க வேண்டும் என்று அவருக்கு. லேப்டாப் என் சீர் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். அவருடைய நிலத்தைத்தான் அப்பா குத்தகைக்கு ஓட்டுகிறார். அதனால் அப்பா எதற்கும் தலையாட்டுவார்.

என்ன மாடல், என்ன கார்டு, அந்தக் கார்டு எத்தனை வாட் இழுக்க வேண்டும், எவ்வளவு ரேம் என்று அவள் வாட்ஸப்பில் தெளிவாகத்தான் அனுப்பியிருந்தாள். மாமன் பதிலுக்குக் கட்டைவிரல் தூக்கிய பொம்மை ஒன்றை அனுப்பினார். இன்றைக்குக் கடை மேஜைமேல் உட்கார்ந்திருந்தது வேறு மாடல். பெட்டியின் மேலேயே சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக எரிகிற கீபோர்டின் படம்.

“இது நான் சொன்னது இல்லயே மாமா.”

“அதவிட நல்லது. நீ சொன்னதப் பாத்தேன். எரும மாதிரி தடியா, கருப்பா. சபையில வெச்சா பழைய இரும்புப் பொட்டின்னு நெனப்பாங்க. இது ஒல்லியா இருக்குது, லைட்டு எரியுது. கார்டு அதே கார்டுதான். பாயே சொன்னாரு.”

“கார்டு அதேதான்மா,” என்றார் பஷீர். “நீ அனுப்பின பேரையும் பொட்டி மேல இருக்கற பேரையும் வெச்சிப் பாரு. ஒரு எழுத்து மாறல.”

“பேரு மாறல பாய். அது எத்தன வாட்டுன்னு எங்கனா போட்டிருக்கா?”

பஷீர் பெட்டியை நாலு பக்கமும் திருப்பினார். அடியில் இருந்த சீன எழுத்தைக்கூட விரல் வைத்துப் பார்த்தார். “அதெல்லாம் எந்தக் கம்பெனிக்காரனும் போட மாட்டாம்மா.”

“அதான் பிரிங்கன்றேன்.”

“பிரிச்சா ரிட்டன் கெடையாது.”

“பிரிக்காம எடுத்துக்கினு போனா எனக்கு வேல கெடையாது.”

“மாப்ள!” மாமன் அப்பாவின் பக்கம் திரும்பினார். “கேட்டுக்கினுதான இருக்கீங்க? கடத்தெருவுல நின்னுக்கினு இது பேசற பேச்ச.”

“தமிழு,” என்றார் அப்பா. வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். “மாமா சொல்றாரு இல்ல. வூட்ல போயி பொறுமையா பாத்துக்கலாம்மா.”

“வூட்ல போயி பாத்தா அது நம்ம தலையில கட்டின பொருளுப்பா.”

அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கடையின் உள்பக்கம் பழுது பார்க்கும் மேஜையில் இருந்த பஷீரின் மகன் அப்சல், தன் அப்பாவைப் பார்த்தான், மாமனைப் பார்த்தான், பிறகு ஒரு பிளேடைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். அவன் முகத்தில் ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருந்தது. அவள் பெட்டியின் வாயைப் பார்த்தாள். கம்பெனி ஒட்டிய வட்டச் சீல் பாதியில் கிழிந்திருந்தது. அதன்மேல் சாதாரண செல்லோ டேப் ஒட்டியிருந்தது.

“இது ஏற்கெனவே பிரிச்ச பொட்டி.”

கோபம் ஏறினால் அவளுக்குக் குரல் உயராது, இறங்கும். அம்மாவுக்கு அந்தக் குரல்தான் பயம்.

பஷீர் இரண்டு கையையும் தூக்கினார். “அல்லா மேல ஆணையா உள்ள எதையும் நான் மாத்தலம்மா. நேத்து உங்க மாமாதான் வாங்கிக்கினு போயி…”

“பாய்! சும்மா இருங்க.”

அவள் டேப்பைக் கிழித்தாள். மேல் அட்டையை எடுத்தாள், வெள்ளைத் துணி உறையை உருவினாள். லேப்டாப்பின் வெளிமூடி வெள்ளி நிறத்தில் வழவழவென்று இருந்தது. அதன் நட்டநடுவில், அண்டா குண்டாவில் இருக்குமே அந்தப் புள்ளிப்புள்ளி எழுத்தில், சுற்றிலும் கொடியும் பூவும் போட்டு, வெட்டியிருந்தது:

அன்பளிப்பு
தாய்மாமன் சி. அய்யப்பன்
கிழங்கு மண்டி, சின்னசேலம்

செந்தமிழ்ச்செல்வி அதை ஒரு தரம் படித்தாள். மறுபடி படித்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். பிளாஸ்டிக் சொரசொரவென்று பெயர்ந்திருந்தது.

“இன்னா மாமா இது?”

“பேரு.” மாமன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். “சீர் குடுக்கறவன் பேரு வெட்டாம குடுப்பானா? உங்க அம்மாவுக்குக் குடுத்த அண்டாவுல எங்கப்பன் பேரு இருக்குதா இல்லியா? நேத்தே பாய்கிட்ட வாங்கி, பாத்திரக் கடையில குடுத்து வெட்டி, மறுபடி இங்கியே கொண்டாந்து வெச்சேன். வெட்டறவன் பயந்துட்டான், பிளாஸ்டிக்ல வெட்டிப் பழக்கம் இல்லீங்கன்னான். நான்தான் பக்கத்துலயே நின்னு, நல்லா அழுத்தி வெட்டுடா, நாளைக்கு அவ புள்ள குட்டியும் பாக்கணும்னு சொன்னேன். சபையில பிரிக்கறப்ப பாத்து அசந்து போவேன்னு மறச்சி வெச்சிருந்தேன். அத்தயும் கெடுத்துட்ட.”

அப்சலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுகிற மாதிரி செய்து உள்ளே போய்விட்டான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வீட்டில் தண்ணீர் மொள்ளும் சொம்பில் ஒரு பேர், சோறு தின்னும் தட்டில் ஒரு பேர், குடத்தின் கழுத்தில் ஒரு பேர். செத்துப்போனவர்கள் பேரிலெல்லாம் அவள் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறாள். யார் கொடுத்தது என்று ஒவ்வொரு வாய்க்கும் ஞாபகம் வந்துகொண்டே இருக்க வேண்டும். சொம்புக்கு அது ஒன்றும் செய்யாது. பேர் வெட்டினாலும் சொம்பில் தண்ணீர் நிற்கும். இதன் மூடிக்கும் திரைக்கும் நடுவில் இருப்பது ஒரு நூல் இடைவெளி.

அவள் மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். திரை வெளிச்சம் வந்தது. வெள்ளைப் பக்கத்தை வரவழைத்தாள். நடுவில் தேமல் படர்ந்த மாதிரி வெளுப்பாக மூன்று திட்டு, வரிசையாக. ‘தாய்மாமன்’ எங்கே அழுத்தமாக விழுந்ததோ அங்கே பெரிய திட்டு.

“பாருங்க.”

“எங்க? ஒண்ணும் தெரியலயே,” என்றார் மாமன், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

அப்பா எட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது என்பது அவர் சட்டென்று பார்வையை எடுத்துக்கொண்டதில் அவளுக்குத் தெரிந்தது.

சரி, திரை போனால் போகட்டும் என்று நினைத்தாள். அந்த அளவுக்கு அவளுக்கு வேலை தேவைப்பட்டது. திட்டோடு திட்டாகப் பார்த்துக்கொள்ளலாம், இல்லை வேறு திரை ஒன்றைத் தனியாக மாட்டிக்கொள்ளலாம். உள்ளே இருப்பது நன்றாக இருந்தால் போதும். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவள் நியாயமாகத்தான் பார்த்தாள். வேண்டாம் என்று முடிவு கட்டிக்கொண்டு குறை தேடவில்லை. கீபோர்டைத் தட்டிப் பார்த்தாள். விசை நல்ல ஆழம் போனது, எழுந்து வந்தது, நடுவில் அழுத்தினால் பள்ளம் விழவில்லை. மூடியை ஒரு கையால் திறந்தாள். அடிப்பாகம் தூக்கிக்கொண்டு வரவில்லை, கீல் கெட்டியாக இருந்தது. எடை குறைவு. பக்கவாட்டில் சொருகும் துளைகள் போதுமான அளவு இருந்தன. கணக்குப் போடுகிறவர்களுக்கு, படிக்கிற பிள்ளைகளுக்கு, சாயங்காலம் கொஞ்ச நேரம் கேம் ஆடுகிறவர்களுக்கு இது குறை சொல்ல முடியாத மெஷின். கொடுக்கிற விலைக்கு நல்ல மெஷின் என்றே சொல்வாள், யாராவது கேட்டால். திரையில் நிறம்தான் கொஞ்சம் சோகையாக இருந்தது. அவள் செய்த வெள்ளிமலைப் பச்சை அதில் கழுவிவிட்ட மாதிரி வந்தது.

சார்ஜரை மாட்டினாள். பையிலிருந்து பெண்டிரைவை எடுத்துச் சொருகினாள். விடுதி வீடியோவுக்கான கோப்பும் அதை ஓட்டும் மென்பொருளும் அதில்தான் இருந்தன. சூடும் வாட்டும் காட்டுகிற சின்ன மென்பொருளும் இருந்தது. எல்லாவற்றையும் ஓடவிட்டாள்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. பாறை வந்தது, நடை வந்தது, வீடியோவின் ஒவ்வொரு பிரேமாகப் படம் முடிந்து அடுத்தது தொடங்கியது. அவளிடம் இருந்த பழைய லேப்டாப்பில் ஒரு பிரேமுக்கே அவள் சோறு ஆக்கி, துணி துவைத்து, திரும்பி வந்து பார்ப்பாள். அதைப் பார்க்கப் பார்க்க அவள் தோள் தளர்ந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை; உள்ளுக்குள் ஒரு நப்பாசை எழுந்தது. ஒருவேளை இதிலேயே ஆகிவிடுமோ?

பிறகு விசிறி கத்த ஆரம்பித்தது.

“இன்னா பாய், மாவு மிஷினு மாதிரி இரையுது?” என்றார் அப்பா.

“கேமிங் லேப்டாப்பு அப்டித்தாங்க இரையும்,” என்றார் பஷீர்.

சூடு ஏறியது. தொண்ணூறைத் தாண்டியது. கீபோர்டின் மேல்வரிசையில் விரல் வைக்க முடியவில்லை. வாட் நாற்பத்தைந்தில் நின்றது. அவள் கேட்டிருந்தது தொண்ணூற்றைந்து. நாற்பத்தைந்தும் நிலைக்கவில்லை, சூடு தாங்காமல் முப்பத்தைந்துக்கு இறங்கியது, படம் அதற்கேற்ற மாதிரி நடை தளர்ந்தது. பனி வருகிற இடம் வந்தபோது திரை அப்படியே உறைந்து நின்றது. சுட்டி அசையவில்லை. பிறகு மென்பொருள் தானாக மூடிக்கொண்டது.

“ரேமு பத்தலக்கா,” என்றான் அப்சல். எப்போது திரும்பி வந்தானோ, அவள் தோளுக்குப் பின்னால் நின்றான். “இன்னொண்ணு போட்டா நிக்காது. ஒரு ஸ்லாட்டு காலியாத்தான் இருக்குது.”

“ரேமு போடலாம். வாட்டு போட முடியுமா?”

அவன் பஷீரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். “முடியாதுக்கா. கம்பெனிலியே கட்டிப் போட்டு அனுப்பறது. ஒல்லி மாடலு இல்லியா, ஜாஸ்தி குடுத்தா சூடு தாங்காது. நீங்க சொன்ன கருப்பு தடியா இருக்கறதே அதுக்குத்தான்.”

“உன்ன எவன்டா கேட்டான்?” என்றார் பஷீர்.

“இன்னாடா வாட்டு வாட்டுன்னு,” என்றார் மாமன். “கார்டு ஒண்ணுதானன்னு கேட்டா ஆமான்றீங்க. அப்பறம் இல்லன்றீங்க.”

செந்தமிழ்ச்செல்வி அப்பாவின் பக்கம் திரும்பினாள். “அப்பா, ஒரே கம்பெனி மோட்டாரு ரெண்டு வாங்கறீங்க. மேல ஒரே பேரு. ஒண்ணு அஞ்சு எச்.பி., ஒண்ணு ரெண்டு எச்.பி. நம்ம கெணத்து ஆழத்துக்கு ரெண்டு எச்.பி. போட்டா இன்னா ஆவும்?”

“தண்ணி மேல வராது,” என்றார் அப்பா யோசிக்காமல். “ஓட்டிக்கினே இருந்தா காயிலு எரிஞ்சிடும்.”

“இது ரெண்டு எச்.பி.”

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. மாமனுக்கும் புரிந்துவிட்டது. நிலம் வைத்திருக்கிறவருக்கு மோட்டார் தெரியாமலா? புரிந்ததுதான் அவரை இன்னும் சிலுப்பிக்கொள்ள வைத்தது.

“மாத்திக் குடுங்க பாய்,” என்றாள் அவள்.

“பேரு வெட்டினத நான் யாருக்கும்மா விப்பேன்? சின்னசேலம் கிழங்கு மண்டின்னு போட்டுக்கினு இருக்கறத தியாகதுருகத்துக்காரன் வாங்குவானா? கம்பெனிக்காரன் பாத்தான்னா சிரிப்பான்.” பஷீர் தாடியைத் தடவினார். வியாபாரிதான், ஆனால் அந்த மூன்று வெள்ளைத் திட்டும் அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். “ஒண்ணு செய்யலாம். நீ கேட்ட கருப்பு, மேல ரேக்குல ஒண்ணு நிக்குது. உங்க மாமா மனசு வெச்சி கொஞ்சம் போட்டுக் குடுத்தாருன்னா, இத்த நானே கொறஞ்ச வெலைக்கு எடுத்துக்கறேன். கடையில பில்லு அடிக்க ஆவும். நஷ்டந்தான், பரவால்ல.”

அவளுக்கு மூச்சு வந்தது. “மாமா?”

மாமனின் முகம் கறுத்துவிட்டது. “என் பேரு வெட்டின பொருளு, பாய் கட கல்லாவுல கெடக்கணுமா? வரவன் போறவன்லாம் படிச்சிட்டு, அய்யப்பன் சீர அவன் தங்கச்சி வூட்ல திருப்பி அனுப்பிட்டாங்கன்னு சொல்றதுக்கா?”

“பேரத் தேச்சி எடுத்துடறேங்க,” என்றார் பஷீர்.

“என் பேர நீ தேய்ப்பியா?”

“மாமா, பேரு கெடக்கட்டும். கருப்பு வாங்கிக் குடுங்க, வெள்ளிக்கெழம நானே சபையில நின்னு எங்க மாமன் குடுத்ததுன்னு மைக்கு புடிச்சி சொல்றேன்.”

“வாயால சொல்றது காத்தோட போயிடும், பேரு பொருளுல நிக்கணும்.” மாமன் மேஜையைத் தட்டினார். “இன்னாத்துக்கு இந்தக் குதி குதிக்கற? மெதுவாத்தான் ஓடட்டுமே, இப்ப இன்னா கொள்ள போவுது? தையில நல்ல எடமா முடிச்சிடலாம்னு நானும் உங்கப்பாவும் பேசி வெச்சிருக்கறோம். அது வரைக்கும் வூட்ல குந்திக்கினு எதையாச்சும் தட்டிக்கினு இருக்க ஒரு பொட்டி வேணும். அதுக்கு இது போதாதா?”

சொல்லி முடித்த பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவருக்குத் தோன்றியது போலிருந்தது. பஷீர் எழுந்து, தேவையே இல்லாமல் அலமாரியில் இருந்த மவுஸ் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தார்.

செந்தமிழ்ச்செல்வி மாமனை விட்டுவிட்டு அப்பாவிடம் கேட்டாள். “பேசி வெச்சிருக்கீங்களாப்பா?”

சுப்புராயன் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். “சும்மா ஒரு பேச்சுதாம்மா.”

“அந்த வேலைக்கு ஒத்துக்கினீங்களே. வூட்லருந்து செய்யின்னு நீங்கதான சொன்னீங்க?”

“சொன்னேன். லேப்டாப்பு வந்துட்டா நீ மெட்ராசு பேச்ச எடுக்க மாட்டன்னு…”

“அது வேல செய்யலன்னாலும்?”

அவர் மறுபடியும் காலண்டர் பக்கம் திரும்பினார்.

“கேக்கறேம்ப்பா. அதுல என் வேல நடக்கலன்னாலும் பரவால்லயா உங்களுக்கு?”

வெளியே ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. அது போய் முடியும்வரை அப்பா காத்திருந்தார். பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், “நீ வூட்ல இருந்தா போதும்மா எனக்கு” என்றார்.

பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதற்காக இத்தனை வருஷம் அவள் அவரை நேசித்திருக்கிறாள். இப்போதும் அந்தச் சொல்லில் விஷம் இல்லை, பயம்தான் இருந்தது. ஆனாலும் அது அவள் நெஞ்சில் கல்லைத் தூக்கிப் போட்டது. இவ்வளவு நேரம் அவள் வாட், சூடு, ரேம் என்று மண்டையை உடைத்துக்கொண்டது வீண். அவர்கள் இந்த மெஷினிடம் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. அதை இது ஒரு குறையும் இல்லாமல் செய்யும். மூடிவைத்தாலும் செய்யும். மின்சாரமே தேவையில்லை. கருப்பு மெஷினை வாங்கிக் கொடுத்திருந்தாலும் இவர்களுக்கு அது இந்த வேலைக்குத்தான். தையில் ஒருவன் வந்து நின்றால் அதையும் தட்டில் வைத்து, மேலே இன்னொரு பேர் வெட்டி, அவளோடு சேர்த்து அனுப்பிவிடுவார்கள்.

அவள் பெண்டிரைவைப் பிடுங்கினாள். லேப்டாப்பை அணைத்து மூடினாள். அன்பளிப்பு என்ற எழுத்து மேலே வந்தது. வெள்ளைத் துணி உறையில் பழையபடி போட்டு, அட்டையை வைத்து, பெட்டியை மூடி, டேப்பைக்கூட நீவி ஒட்டினாள். மாமனின் முகம் தெளிந்தது.

“அதான! நம்ம புள்ள எங்க போவும்? கோவம் வரும், அப்பறம் அடங்கிடும். பாய், பேக்கு கருப்பே குடுங்க.”

அவள் போனை எடுத்து நின்றபடியே தட்டினாள். சென்னை நிறுவனத்தில் அவளை நேர்காணல் செய்த பெண்ணுக்கு: ‘மேடம், வீட்டிலிருந்து செய்யவில்லை. அலுவலகத்துக்கே வருகிறேன். திங்கட்கிழமை காலை இருப்பேன். விடுதியில் இடம் சொல்லி வையுங்கள்.’ அனுப்பினாள். டிக் இரண்டாகும்வரை பார்த்தாள். பிறகு போனைப் பைக்குள் போட்டாள்.

“எனக்கு வேணாம் மாமா.”

“பேக்கா?”

“பேக்கும் வேணாம், பொட்டியும் வேணாம். நான் மெட்ராசு போறேன். அவங்க மெஷின்லயே செஞ்சிக்கறேன். சொல்லிட்டேன் அவங்களுக்கு.”

“யாரக் கேட்டு சொன்ன?” மாமன் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. “மாப்ள, இன்னா இது? யாரக் கேட்டு சொல்லுது இது?”

“தையில எடம் பாக்கறதுக்கு நீங்க யாரக் கேட்டீங்க மாமா?”

“அடிங்க… வாயப் பாரு. நாலு எழுத்து படிச்சிட்டு மாமன எதுத்துப் பேசற வாய. வெள்ளிக்கெழம சபையில நான் இன்னாத்த வெப்பேன்? எங்க மாமனாரு வூடு, சம்பந்தி வூடு, எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கறேன். தட்டுல இன்னாத்த வெப்பேன்?”

“இதையே வெய்ங்க. ஒட்டித்தான் குடுத்திருக்கறேன். பிரிக்காம வெச்சா யாருக்கும் ஒண்ணும் தெரியாது.”

மாமன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். உள்ளே அப்சல் மறுபடியும் இருமினான். பஷீர் அவனை ஒரு அதட்டல் போட்டார்.

செந்தமிழ்ச்செல்வி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடிக் காலில் மாட்டினாள். ஒன்றின் மேல் மாமனின் கனத்த தோல் செருப்பு கிடந்தது. காலாலேயே அதைத் தள்ளினாள்.  அழுகை வருமோ என்று நினைத்தாள். இல்லை, வெறும் ஆத்திரம்தான். அம்மாவிடம் என்ன சொல்லப் போகிறாள் என்று தெரியவில்லை. குத்தகை நிலத்தை மாமன் பிடுங்கிக்கொள்வாரா என்று தெரியவில்லை. அதை யோசிக்க ஆரம்பித்தால் திரும்ப உள்ளே போக வேண்டியிருக்கும் என்று மட்டும் தெரிந்தது.

கதவு திறந்தது. அப்பா, செருப்புப் போடாமல், படியில் நின்றார்.

“தமிழு, எங்கம்மா போற?”

“வூட்டுக்குத்தாம்ப்பா. துணி எடுத்து வெக்கணும்.”

“நில்லும்மா, நானும் வரேன். மாமாவ ஒரு வார்த்த சமாதானம்…”

“நீங்க சமாதானம் சொல்லிட்டு வாங்க,” என்றாள் அவள். துருகம் சாலையில் கரும்பு லாரி ஒன்று போய் வழி விட்டதும், குறுக்கே இறங்கி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.